நகரமன்றம் நின்றுகொண்டு கூடிய நாள்

எங்கள் ஊரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, அதன் அடியில் சிவப்புச் சாயத்தில் பெருவிரல் ரேகை பதிந்திருந்தால், அது யாருடையது என்று எவரும் கேட்கமாட்டார்கள். பெயர் எழுதினால் சுரண்டிவிடுகிறார்கள், எண் போட்டால் திருத்திவிடுகிறார்கள், விரலை எவன் திருத்த முடியும் என்பது நாற்காலிக்காரம்மாவின் வாதம். வாடகைக்கு நாற்காலி விடுவது அவர் தொழில். ஊருக்கு அவர் அந்தப் பெயரில்தான் அறிமுகம்.

நகரமன்றம் வெளியிட்ட ஆண்டு மலரில், நான் சொல்லப்போகும் நாளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: 'கூட்டத்தில் சிறு இடையூறு ஏற்பட்டது.' மலரை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நடந்தது இடையூறு அல்ல. நான் அங்கே இருந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் பொதுக்கூடத்துக்கு எதிரில் மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். பல ஆண்டுகளுக்கு முன், ஆக்கிரமிப்பு என்று சொல்லி நகரமன்ற ஆட்கள் என் கடையின் முன்படியை இடித்தார்கள். அவர்கள் இடிக்க வேண்டியது அடுத்த தெருவில் அதே கதவு எண் கொண்ட வேறொரு கட்டடத்தை. தவறு என்று வாயால் ஒப்புக்கொண்டார்கள், எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எழுத்தைக் கேட்டு மனுப் போடத் தொடங்கினேன். விதிகளையும் துணைவிதிகளையும் நானாகவே படித்துக்கொண்டேன். ஊர் எனக்கு மனுக்காரர் என்று பெயர் வைத்தது. படி இன்றும் இல்லை. வாடிக்கையாளர்கள் காலைத் தூக்கி வைத்துத்தான் கடைக்குள் ஏறுகிறார்கள். என்னைப் பற்றி இவ்வளவு போதும். மாதந்தோறும் நகரமன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பெஞ்சில் நான் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்பது விளங்குவதற்காகவே இதைச் சொன்னேன்.

அந்தப் பெஞ்சு நகரமன்றக் கட்டடத்தின் மாடியில், கூட்ட அறையின் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. நீளமான மரப் பெஞ்சு. ஒரு முனையில் உட்கார்ந்தவர் எழுந்தால் மறுமுனையில் இருப்பவர் சரிவார். அங்கே கூட்டம் கேட்க ஒருவராவது இருந்தால், நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு பொருளையும் உரக்கப் படித்தாக வேண்டும். யாரும் இல்லையென்றால், 'படித்ததாகக் கொள்ளப்படுகிறது' என்று ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம். இது எங்கள் நகரமன்றத்தின் பழைய விதி. பெரும்பாலான மாதங்களில் அந்த ஒருவர் நான்தான். மற்றவர் நாற்காலிக்காரம்மா.

அவருக்கு அங்கே வருவதற்கு வேறு காரணம் இருந்தது. உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அவருடையவை. நகரமன்றத்தின் சொந்த நாற்காலிகள் தேக்கு மரத்தால் ஆனவை. பிரம்பு அறுந்து, பின்னுவதற்காக ஒரு வண்டியில் ஏறிப் போனவை திரும்பவில்லை. பின்னுகிறவருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் ஏதோ வழக்கு. அதுவரைக்கும், இந்த ஒரு மாதத்துக்கு மட்டும், என்று சொல்லி அவரிடம் நாற்காலி வாங்கினார்கள். அந்த ஒரு மாதம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் முடியவில்லை. வாடகை ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை வாடகை நாற்காலிகள் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. தலைவர் தம்முடையதில் ஒரு மெத்தை வைத்து, அதன் வாரை நாற்காலியின் முதுகில் முடிச்சுப் போட்டுக் கட்டியும் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை காலுடைந்தது, விரிசல் விட்டது எதுவும் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுவதற்காக நாற்காலிக்காரம்மா வருவார். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டத்தையும் கேட்டுவிட்டுப் போவார்.

“என்ன மனுக்காரரே, இன்னிக்காவது உங்க படியைப் பத்திப் பேசினாங்களா?” என்று போகும்போது கேட்பார். இல்லை என்பேன். “அப்ப அடுத்த மாசம் இடம் பிடிச்சு வையுங்க,” என்பார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த விதத்தைப் பெஞ்சில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் பொத்தான் வைக்கும் வேலை செய்தார். மாமியார் இறந்த அன்று வீட்டில் நாற்காலி இல்லை. வாடகைக் கடைக்காரர் முன்பணம் இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். மாமியாரின் அக்கா, முட்டி மடக்க முடியாதவர், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்த பிறகும் அந்த வாளியை இவரால் பார்க்க முடியவில்லையாம். அடுத்த ஆண்டு ஒரு டியூஷன் நிலையம் மூடப்பட்டபோது, அங்கே கிடந்த நாற்காலிகளைக் கேட்டு வாங்கினார். கணவர் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுபவர். நாற்காலிகள் அதில் ஏறி வந்து வீட்டை நிறைத்தன. “எங்க வீட்டுல நாற்காலி எல்லாம் உக்காந்திருக்கு, நான்தான் நிக்கறேன்,” என்று வண்டிக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொழில் தொடங்கியபோது அவர் வைத்த ஒரே ஏற்பாடு, சாவு வீட்டுக்கு வாடகை கிடையாது என்பது. யாரும் வந்து கேட்கவும் வேண்டாம். செய்தி காதில் விழுந்தால் போதும், வண்டி வந்து நிற்கும். கல்யாணம் என்றால் ஒரு காசு குறைக்கமாட்டார். “சந்தோஷமா இருக்கறவங்க குடுக்கட்டும்,” என்பது அவர் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. அவர் நாற்காலிகளை நேர்வரிசையில் போடமாட்டார். வில் போல வளைத்துத்தான் போடுவார். சிறிய இடமாக இருந்தாலும், அவசரமாக இருந்தாலும் வளைவு இருக்கும். ஒருமுறை காரணம் கேட்டேன். “ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியணும். முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்தா பஸ்ல போற மாதிரி இருக்கு. இறங்கினதும் யாரு எவருன்னு போயிடுவாங்க,” என்றார்.

வீட்டில் இடம் போதாமல் போனபோது, அப்போதைய செயலர் ஒரு நல்ல மனிதர், பொதுக்கூடத்தின் பக்க அறையை நாற்காலி வைக்கக் கொடுத்தார். அதற்குப் பதிலாகக் கூடத்தைப் பெருக்கி, சாவியை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குத் திறந்துவிடுவது இவர் பொறுப்பு. வாய்வார்த்தைதான். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

பொதுக்கூடம் என்பது பெரிய மாளிகை ஒன்றுமில்லை. உயர்ந்த கூரை, சிமெண்ட் தரை, இரு பக்கமும் கம்பி ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. ஆனால் ஒற்றை அறை வீடுகள் நிறைந்த ஊரில், நாலு பேரை உட்கார வைத்துப் பேச வேண்டுமென்றால் அந்த இடத்தை விட்டால் வேறு கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் சங்கம் அங்கே கூடும். மழைக்காலத்தில் ஆற்றோரத்துக் குடும்பங்கள் அங்கே படுத்திருக்கின்றன. சொத்தைப் பிரிக்க வந்த அண்ணன் தம்பிகள் இருவர் அந்தக் கூடத்தில் சண்டை போட்டு, கதவை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் பேச்சுவார்த்தை முடிந்து ஒரே ஸ்கூட்டரில் போனதை என் கடையிலிருந்து நானே பார்த்தேன்.

இத்தனையும் இலவசம். அங்கேதான் எங்கள் ஊர் தவறு செய்தது. பணம் கட்டி முன்பதிவு செய்தால் மட்டுமே அலுவலகத்தில் பதிவாகும். சாவி நாற்காலிக்காரம்மா வீட்டு ஆணியில் தொங்குகிறது. போய்க் கேட்டால் கிடைக்கிறது. யார் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்வார்கள்? ஊரே புழங்கிய இடம் அலுவலகத்தின் கண்ணுக்குப் பூட்டிக் கிடந்த இடமாகத் தெரிந்தது.

புதிய செயலர் வந்தார். சில மாதங்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பயன்பாடின்றி இருக்கும் பொதுக்கூடத்தை ஒரு தனியார் நிறுவனத்தின் சரக்குக் கிடங்காக நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது அடுத்த கூட்டத்தின் பொருள். அதைப் படித்துவிட்டு நான் நேராக நாற்காலிக்காரம்மாவிடம் போனேன். அவர் பொதுக்கூடத்து வாசலில் உட்கார்ந்து நாற்காலிக் கால் ஒன்றுக்கு ரப்பர் அடி மாட்டிக்கொண்டிருந்தார்.

“பயன்பாடு இல்லையா?” என்றார். உள்ளே கையைக் காட்டினார். உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. “அப்ப உள்ள படுத்திருக்கறதெல்லாம் யாரு?”

நான் மனு எழுதப் போனேன். அவர் வீடு வீடாகப் போனார். அதிகம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. கூட்டத்துக்கு வந்து பெஞ்சில் உட்காருங்கள், படிப்பதைக் காதால் கேளுங்கள், அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். வருகிறோம் என்று சொன்னவர்கள் பெஞ்சு தாங்காத அளவுக்குப் பெருகிவிட்டார்கள்.

செய்தி செயலருக்கும் எட்டியது. கூட்டத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பெஞ்சு காணாமல் போயிற்று. பழுது என்றார்கள். அதோடு ஓர் உத்தரவும் வந்தது. அதன் நகல் என்னிடம் உள்ளது. அதில் இரண்டு பகுதிகள். பொதுமக்கள் இருக்கை உள்ள அளவுக்கு மட்டுமே அனுமதிக்கப்படுவர் என்பது முதல் பகுதி. நகரமன்றத்துக்குச் சொந்தமல்லாத எந்த இருக்கையும் கூட்ட அறையில் இருத்தல் கூடாது என்பது இரண்டாவது. நாற்காலிக்காரம்மா வண்டியில் நாற்காலி ஏற்றி வருவார் என்று எதிர்பார்த்து எழுதிய உத்தரவு அது. என் மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் வைத்திருக்கிறேன். அது பழைய பதில்களோடு சேர்ந்து இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

எதிர்பார்த்தபடியே கூட்டத்தன்று அவர் வண்டியில் நாற்காலி ஏற்றி வந்தார். படிக்கட்டின் கீழே காவலாளி நின்றிருந்தார். காவலாளியின் மகள் கல்யாணம் பொதுக்கூடத்தில், அந்த நாற்காலிகளோடு நடந்தது. ஆகவே அவர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் தெரு நிறைய ஆட்கள். சலவைக்காரர், பழக்கடை அம்மா, துப்புரவுச் சங்கத்தார், நான்.

“அக்கா, என்னைத் திட்டாதீங்க. பேப்பர்ல இருக்கு,” என்றார் காவலாளி.

“உன்னை எதுக்குப்பா திட்டறேன். என்ன இருக்குன்னு படி.”

படித்தார். இரண்டாவது பகுதி வந்ததும் நாற்காலிக்காரம்மா கையை உயர்த்தினார். அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். காவலாளி படித்தார்.

“எந்த இருக்கையும்னா, எந்த இருக்கையும் தானே?”

“ஆமாக்கா.”

“சரி. உத்தரவுன்னா உத்தரவுதான்.” கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, இதையெல்லாம் இறக்காதீங்க. மேலேர்ந்து இன்னும் வருது, இடம் பண்ணுங்க.”

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த உத்தரவை வரிவரியாகப் படித்து, அடிக்கோடிட்டு, எதிர்மனு எழுதியவன் நான். அப்படியே கீழ்ப்படிந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டிக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரிப்பை அடக்க வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நாற்காலி எடுக்கப் போகிறவர் என்பதால் காவலாளி நாற்காலிக்காரம்மாவைத் தடுக்கவில்லை. ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

அறையில் உறுப்பினர்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவர் முதலில் ஆளில்லாத நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். காலுடைந்ததை மாற்ற வந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடுக்கு உயர்ந்து வாசலை நோக்கி நகர்ந்தபோதுதான் செயலர் நிமிர்ந்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

“உங்க உத்தரவைத்தான் சார்.” ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, சிவப்பு ரேகையைக் காட்டினார். “இது நகரமன்றத்துக்குச் சொந்தம் இல்ல. உள்ள இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்கோங்க.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் தாம் உட்கார்ந்திருந்ததன் அடியைத் தடவிப் பார்த்தார்கள். தலைவர் நிதானமானவர். கூட்டம் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

“முடியற வரைக்கும் இருந்தா உத்தரவை மீறினதா ஆயிடும் தலைவரே. பேரு உங்களுக்குத்தான் கெடும். கொஞ்சம் எந்திரிங்க.”

தலைவர் எழுந்துவிட்டார். அவர் ஏன் எழுந்தார் என்று பிற்பாடு பலரும் பலவிதமாகப் பேசினார்கள். எனக்குத் தெரிந்த காரணம் எளியது. எங்கள் ஊரில் எந்த விசேஷம் முடிந்தாலும், பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களிடம் நாற்காலிக்காரம்மா வந்து 'கொஞ்சம் எந்திரிங்க' என்பார். எழுந்துவிட வேண்டும். பிறந்தது முதல் இந்த ஊரில் வாழ்ந்த தலைவரின் முழங்காலுக்கு அந்தக் குரல் பழக்கம். தலைவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். மெத்தையின் முடிச்சை அவிழ்த்து, தூசி தட்டி, மரியாதையாக இரண்டு கையாலும் தலைவரிடம் கொடுத்தார் நாற்காலிக்காரம்மா. கூட்டம் முழுவதும் தலைவர் அந்த மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டே நின்றார்; உட்காரும் மெத்தையை மேசைமேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கீழே காவலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. படியில் பாதி ஏறி நின்று கேட்டார்: “சார், உள்ள யாருக்குமே சீட் இல்ல. அப்ப யாரை உள்ள விடறது, யாரை வெளிய அனுப்பறது?”

செயலரிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு தெரு மேலே ஏறியது.

கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்று செயலர் தலைவரின் காதில் சொன்னார். முடியாது என்று தலைவர் தலையை ஆட்டினார். குடிநீர் பம்பு எரிந்து ஊரில் பாதிக்குத் தண்ணீர் வரவில்லை. புது மோட்டாருக்கான ஒப்புதல் அன்றைய நிரலில் முதல் பொருள். தலைவரின் தெருவுக்கும் தண்ணீர் இல்லை. ஆகவே நின்றபடியே கூட்டம் தொடங்கியது. நீள மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். மேசைக்கு முன்னால் நாங்கள். “என்ன, கடை திறந்தாச்சா?” என்று சலவைக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்து அந்த அறையில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் தடவை. செயலர் அமைதி என்றார். நின்றுகொண்டு சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கவில்லை.

இடம் போதவில்லை. மேசையின் இரு ஓரங்களிலும் ஆட்கள் நெருங்கி, கடைசியில் உறுப்பினர்களுக்கு நடுவிலும் புகுந்துவிட்டார்கள். நாற்காலிகள் இருந்தவரை இருந்த வரிசை கலைந்து, அறை ஒரு பெரிய வளைவாக ஆகிவிட்டது. யாரும் திட்டமிடவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது.

பம்பு ஒரே மனதாக நிறைவேறியது. அடுத்தது பொதுக்கூடம். செயலர் படித்தார். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த நாட்களில் வாய்க்குள் முணுமுணுக்கும் அவர், அன்று ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்க வேண்டியிருந்தது. 'பயன்பாடின்றி' என்ற இடத்தில் ஓர் இருமல் வந்தது அவருக்கு.

குத்தகைக்கு ஆதரவாகப் பேசியவர் ஒப்பந்தக்காரராக இருந்து உறுப்பினர் ஆனவர். ஊருக்கு வருமானம், வேலைவாய்ப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நாற்காலிக்காரம்மா தம்மையே பார்ப்பதைக் கண்டு நிறுத்தினார்.

“எல்லாருக்கும் தெரியும்மா. உங்க நாற்காலி வைக்கற ரூம் போயிடும். அதுக்குத்தானே இவ்வளவு ஆட்டம்?”

அந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். அதில் உண்மை இருந்தது. அந்த அறை போனால் அவருடைய தொழில் தெருவுக்கு வந்துவிடும்.

“ஆமா,” என்றார் அவர். “எனக்கு ரூம் போயிடும். அது எனக்கு நஷ்டம்தான், இல்லேன்னு சொல்லலை. அப்படின்னா இப்படிப் பண்ணிக்கலாம். நாளைக்குக் காலைல அந்த ரூமைக் காலி பண்ணிடறேன். இனி அங்க என் நாற்காலி ஒண்ணு கூட இருக்காது. இப்ப எனக்கு அங்க ஒண்ணும் இல்ல. கூடம் திறந்திருக்கணும். இப்ப பதில் சொல்லுங்க, அதைப் பூட்டினா உங்களுக்கு என்ன கிடைக்கும்?”

வண்டிக்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை. அந்த முடிவு வீட்டில் பேசி எடுத்ததல்ல என்பது தெரிந்தது.

ஒப்பந்தக்காரர் தலைவரின் பக்கம் திரும்பினார். உறுப்பினர்களில் ஒருவரான பல் மருத்துவர், ஒரு சின்னப் பெண், அந்தக் கூடத்தில் தன் தேர்வுக்குப் படித்ததாகவும் குத்தகையை எதிர்ப்பதாகவும் சொன்னார். தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும்.

மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கை தூக்குவது ஒரு விஷயம். பக்கத்தில் பழக்கடை அம்மாவின் தோள் உரசும்போது கை தூக்குவது வேறு விஷயம். ஒப்பந்தக்காரர் தூக்கினார். இன்னும் சில கைகள் எழுந்தன. பேருந்து நிலையத்துப் பகுதி உறுப்பினரின் கை பாதி வந்தது. அவரை ஒட்டி அவருடைய சொந்த அக்கா நின்றிருந்தார்.

“தூக்குடா பாப்போம்,” என்றார் அக்கா, மெதுவாக.

அந்தக் கை மேலே போய்த் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்கள் கையைத் தூக்கவே இல்லை. தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் தள்ளுபடியும் ஆகவில்லை. 'பின்னர் பரிசீலிக்க ஒத்திவைக்கப்படுகிறது' என்று செயலர் அறிவித்தார். அந்தச் சொற்களின் பொருளை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை.

மறுநாள் காலை நான் கடை திறக்கும்போது பக்க அறையின் கதவு திறந்திருந்தது. நாற்காலிக்காரம்மா ஒவ்வோர் அடுக்காக வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய், வாய்வார்த்தை அவரைக் கட்டுப்படுத்தாது, தீர்மானத்தில் அது பதிவாகவில்லை, எவரும் கேட்கவும் இல்லை என்று விளக்கினேன்.

“ஊர் முன்னாடி சொன்னேனே மனுக்காரரே. அதை எழுதி வேற குடுக்கணுமா?”

“வைக்க இடம்?”

“அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்,” என்றார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. வண்டிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

சலவைக்காரர் தள்ளுவண்டியோடு அந்த வழியே வந்தார். என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு ஓர் அடுக்கைத் தூக்கித் தம் துணி மூட்டைகளின் மேல் வைத்தார். “என் கடைல மூலை சும்மாதான் கிடக்கு. வேணும்கறப்ப சொல்லியனுப்புங்க அக்கா.” அவ்வளவுதான் தொடக்கம். பழக்கடை அம்மா ஓர் அடுக்கு. காவலாளி சீருடையோடு வந்து ஓர் அடுக்கு. நான் என் கடையில் ரிப்பேருக்கு வந்த மின்விசிறிகளுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்கை ஏற்றிக்கொண்டேன். படி இல்லாததால் அதைத் தூக்கி வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் தெருவில் ஒரு நாற்காலியும் மிஞ்சவில்லை.

அதன் பிறகு அவருடைய தொழில் மாறிவிட்டது. வருமானம் முன்போல இல்லை, நகரமன்றத்து வாடகையும் நின்றது. அவர்கள் இரும்பு நாற்காலிகள் வாங்கித் தரையோடு திருகிவிட்டார்கள், இனி எவரும் எடுக்க முடியாதபடி. ஆனால் சாவுச் செய்தி வந்தால் இப்போது வண்டி போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்து, ஆளுக்கு நாலைந்து நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கொண்டுவந்தவர் போட்டுவிட்டுப் போவதில்லை, உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார். வளைத்துப் போடவும் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

குத்தகைத் தீர்மானம் சாகவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் தலைகாட்டுகிறது. யாரும் வரமாட்டார்கள், படித்ததாகக் கொண்டுவிடலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் போகிறோம்; அன்று மேலே ஏறிய தெருவைக் காவலாளி பிறகு தடுத்ததில்லை. பின்சுவரை ஒட்டி நிற்கிறோம். அவர் முன்னால் நிற்கிறார். படிக்கப்படுகிறது, ஒத்திவைக்கப்படுகிறது. கூடம் திறந்தே இருக்கிறது. சாவி அதே ஆணியில் தொங்குகிறது.

சென்ற கூட்டத்தில் அந்தச் செயலர் மாறி வேறொருவர் வந்திருந்தார். பண்பானவர். இவ்வளவு பேர் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டு, விவரம் அறிந்து, உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். பழைய பெஞ்சைத் தேடி எடுத்து வரச் சொன்னார். காவலாளியும் இன்னொருவரும் அதைத் தூக்கி வந்து அதே பின்சுவரில் போட்டார்கள். பழுது ஒன்றும் காணோம்.

“உக்காருங்கம்மா,” என்றார் புதிய செயலர்.

நான் உட்காரப் போனேன். என் முட்டியும் பழையபடி இல்லை. நாற்காலிக்காரம்மா அசையவில்லை என்பதைப் பார்த்து நிமிர்ந்துகொண்டேன்.

“ரொம்ப நன்றி சார்,” என்றார் அவர். “கடைசியா ஒரு பொருள் போட்டிருக்கீங்க பாருங்க, பொதுக்கூடம்னு. அதை நிரல்லேர்ந்து அடிச்சிடுங்க. அப்புறம் உக்காருறோம்.”

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தம் மெத்தையில் சற்று நெளிந்தார். அதை நிரலிலிருந்து எடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார்.

“சரி தலைவரே. அது வரைக்கும் பெஞ்சு அங்கயே இருக்கட்டும்.”

அன்று கூட்டம் முடியும்வரை அந்தப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றி நாங்கள் நின்றோம்.